பத்தொன்பது பேருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை

சுபஸ்ரீ பத்தாம் வகுப்பில் நானூற்று அறுபத்திரண்டு எடுத்தாள். நானூற்றைம்பதைத் தாண்டினால் தீம் பார்க் என்று அவள் அப்பா சுடலைமுத்து, என் தாய்மாமன், போன வருஷமே சொல்லியிருந்தார். எங்கள் குடும்பத்தில் யாரும் அந்த மாதிரி இடத்துக்குப் போனதில்லை. அதனால் எல்லாரும் கிளம்பிவிட்டார்கள். மூன்று வயதுக் குழந்தையிலிருந்து முழங்கால் வலிக்காரப் பெரியப்பா வரைக்கும் பத்தொன்பது பேர்.

ஏற்பாடு என் தலையில் விழுந்தது. "நீதான யமுனா படிச்சவ, பாத்து செய்" என்றார் மாமா. பி.ஃபார்ம் முடித்துத் தில்லை நகரில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறேன். குடும்பத்தில் முதல் டிகிரி. அதற்கு எங்கள் ஊர் ஜீயபுரத்தில் இருக்கிற மரியாதை இவ்வளவுதான்: ஆன்லைனில் எது செய்வதானாலும் நான். முடிவெடுக்கிற இடத்தில் மட்டும் நான் கிடையாது.

சரி என்று உட்கார்ந்து எழுதினேன். குட்டிப் பிள்ளைகளைப் பெரிய ராட்டினத்தில் ஏற்ற மாட்டார்கள். பெரியப்பாவுக்குப் பிரஷர், அவரையும்தான். சேலையோடு தண்ணீரில் இறங்க முடியாது. புளிச்சோறு உள்ளே கொண்டுபோக முடியாது. இதற்கே ஒரு நாள் சண்டை. "பையப் பிரிச்சா பாக்கப் போறான்?" என்றார் மாமாவின் மனைவி பொன்னுத்தாய் அத்தை. "பிரிச்சுத்தான் பாப்பாங்க அத்தை" என்றேன். "அப்படி என்ன பெரிய எடம்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பதினெட்டாம் தேதி மாமா வீட்டில் எல்லாரையும் வைத்து முடிவானது. மே இருபத்தைந்து, ஞாயிறு. வேன் சொல்லியாயிற்று. காலை ஐந்து மணிக்குக் கிளம்பினால்தான் பார்க் திறக்கிற நேரத்துக்குப் போக முடியும் என்று நான் சொல்லி வாயை மூடுவதற்குள், "போற வழியில ஸ்ரீரங்கத்துல பெருமாளக் கும்பிட்டுட்டுப் போயிருவோம். மார்க்குக்கு வேண்டுதல் இருக்குல்ல" என்றார் மாமா. எங்கள் ஆட்கள் ஊட்டிக்குப் போனாலும் அது கோயில் டூராகத்தான் முடியும்.

நான் வீட்டுக்குக் கிளம்புகிற நேரத்தில் அத்தை என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டார். "நாளைக்கு வரும்போது அந்த மாத்திரை ஒரு அட்டை எடுத்துட்டு வந்துரு."

"யாருக்கு?"

"சுபாவுக்குத்தான். அவளுக்கு இருபத்தஞ்சு வாக்குல வந்துரும்."

வீட்டுக்குத் தூரமாகிற நாளைத் தள்ளிப்போடுகிற மாத்திரை. காதுகுத்து, புதுமனை, குலதெய்வம் எதுவானாலும் ஆம்பளைகள் தேதி வைப்பார்கள். பொம்பளைகள் அதற்கு ஏற்ற மாதிரி மாத்திரை முழுங்குவார்கள். மூன்று வருஷமாகக் கொண்டுவந்து கொடுக்கிறவள் நான்தான். கவுண்டருக்கு வருகிற யாருக்கும் டாக்டர் சீட்டில்லாமல் தர மாட்டேன். வீட்டுக்கு மட்டும் தந்திருக்கிறேன். அதை நினைத்தால் என் மேலேயே ஆத்திரமாக வருகிறது.

"பதினஞ்சு வயசுப் புள்ளைக்கு நான் தர மாட்டேன் அத்தை."

"நாங்க போடல? செத்தா போயிட்டோம்?"

"போன தையில தலவலின்னு நாலு நாள் படுத்துக் கெடந்தீங்க."

"அப்ப என்ன, யாருக்காகப் போறமோ அவள வீட்ல விட்டுட்டுப் போகவா?"

"தேதிய மாத்துங்க."

"மாமாகிட்ட என்னன்னு சொல்லி மாத்துறது?"

"உள்ளதச் சொல்லுங்க."

அத்தை என்னைப் பார்த்த பார்வையில், நான் காலேஜ் பக்கம் போனதே தப்பு என்றிருந்தது.

வாசலில் சுபஸ்ரீ நின்றிருந்தாள். எல்லாம் கேட்டிருக்கிறாள். "குடுத்துருக்கா. நான்தான் அம்மாவக் கேக்கச் சொன்னேன். எனக்கு அந்த அலை அடிக்கிற குளத்துல இறங்கணும்."

"அடுத்த ஞாயித்துக்கிழமை இறங்கு. ஜூன் ஒண்ணு."

"மறுநாள் ஸ்கூல் திறக்குது. அப்பா ஒத்துக்க மாட்டாரு. நீ பேசி, மொத்தமா கேன்சல் ஆச்சுன்னா ஜென்மத்துக்கும் உன்கூடப் பேச மாட்டேன், பாத்துக்க."

மறுநாள் கடையில் அந்த அட்டையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். கொடுத்தால் சண்டை இல்லை. அவளும் சந்தோஷமாக இறங்குவாள். அடுத்த விசேஷத்துக்கும் கேட்பாள், நானும் கொடுப்பேன். அட்டையை ரேக்கிலேயே வைத்துவிட்டு, டூருக்கென்று ஆரம்பித்த வாட்ஸ்அப் குரூப்பில் எழுதினேன்.

"25 எனக்குப் பீரியட்ஸ். கோயிலுக்கும் வர முடியாது, தண்ணியிலயும் இறங்க முடியாது. ஜூன் 1 வச்சுக்கலாம். டிக்கெட் இன்னும் போடல."

பொய்தான். எனக்கு ஜூன் ஆறாம் தேதிக்கு மேல்தான் வரும்.

எல்லாரும் பார்த்தார்கள். நாளெல்லாம் ரோஜாப்பூ அனுப்புகிற பெரியப்பா அதையும் நிறுத்திவிட்டார். அரைமணி கழித்து மாமா போன் செய்தார்.

"என்னம்மா, குரூப்புல போயி இதையெல்லாம். பசங்க இருக்காங்க."

"பசங்களுக்கும் அம்மா இருக்காங்க மாமா."

"எனக்குத் தனியா ஒரு போன் போட்டிருக்கலாம்ல."

"போட்டிருந்தா மாத்திரை போட்டுக்கன்னு சொல்லியிருப்பீங்க."

"என்ன மாத்திரை?"

நக்கலாகக் கேட்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். நிஜமாகவே தெரியவில்லை. "நீங்க தேதி வச்ச விசேஷத்துக்கெல்லாம் அத்தை எப்படி வந்து நின்னாங்கன்னு நெனச்சீங்க? அவங்களயே கேளுங்க" என்று போனை வைத்துவிட்டேன்.

மத்தியானம் குரூப்பில் பேட்ரிசியா அண்ணி எழுதினாள். பாலக்கரைப் பொண்ணு. என் அண்ணன் வளவனைக் கல்யாணம் செய்துகொண்டு வந்தவள். "எனக்கு ஜூன் 1 தான். நான் மாதா கோயில் ஆளு, பெருமாள் கோச்சுக்க மாட்டாரு. வேன்ல உக்காந்துக்கிறேன். ராட்டினம் மட்டும் ஏறுறேன். எனக்காகத் தேதிய மாத்தாதீங்க." அதற்குக் கீழே சின்னம்மா: "எனக்கும் 31 ஆயிரும்போல."

போச்சு என்றுதான் நினைத்தேன். மாமாவுக்கு ரோஷம் வந்தால் மொத்தத்தையும் நிறுத்திவிடுவார். சுபஸ்ரீ சொன்னதைச் செய்கிறவள். கடையில் வந்தவர்களிடமெல்லாம் வள்ளென்று விழுந்தேன்.

நான்கு மணிக்கு மாமாவிடமிருந்து குரூப்புக்கு வந்தது. "ஜூன் 1. நேரா பார்க். கோயிலுக்கு அவங்கவங்க தோதுப்பட்டப்ப போய்க்குங்க."

உடனே அத்தை போன். "ஏண்டி, அந்த மனுஷன் வந்து என்ன மாத்திரைன்னு கேக்குறாரு. இருபது வருஷம் கழிச்சி. நான் என்னத்தச் சொல்ல?"

"என்ன சொன்னீங்க?"

"பேரு தெரியலன்னேன். போட்டா வயித்தப் பொரட்டும்னேன்."

"அதுக்கு?"

"வேன்காரனுக்குப் போன் பண்ணிட்டு வெளிய போயிட்டாரு. நீ வாயக் கொஞ்சம் அடக்கு, இந்தா இவ பேசணுங்கிறா."

சுபஸ்ரீ வாங்கினாள். "தேதி மாறுனது எனக்காகத்தான்னு எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும்க்கா."

"தெரியட்டும். தண்ணியில இறங்குறியா, இல்லையா?"

"இறங்குறேன்" என்றாள்.

கடையில் கூட்டம் இருந்தது. ஒரு நிமிஷம் என்று சொல்லிவிட்டு, டிக்கெட்டைப் போட்டேன்.