ஒரே பேருள்ள இரண்டு பெட்டிகள்

எனக்குத் தேர்வாய் கண்டிகை சிப்காட்டில் நைட் ஷிப்ட். என் மனைவி பிரின்சிக்குக் கும்மிடிப்பூண்டியில் ஒரு பேக்கிங் கம்பெனியில் பகல் வேலை. நான் வீடு திரும்பும்போது அவள் கிளம்பிப் போயிருப்பாள். அவள் திரும்பும்போது நான் கம்பெனி பஸ்ஸில் இருப்பேன். வார லீவும் எனக்குப் புதன், அவளுக்கு ஞாயிறு. குடித்தனம் நடத்துகிறோம் என்று பேர்தான். எங்கள் இரண்டு பேரையும் தெரிந்தது தலையணை மட்டும்.

கல்யாண நாள் வந்தால் எங்கள் சபையில் கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரு பாட்டுப் பாடுவது வழக்கம். இந்த வருஷம் அது ஞாயிற்றுக்கிழமையில் வந்து தொலைத்தது. ஆராதனை சாயங்காலம், அந்நேரம் எனக்கு டியூட்டி.

"ரெக்கார்டு பண்ணிக் குடு பென்னி, போட்டுடலாம்" என்றார் பாஸ்டர்.

நேரிலோ ரெக்கார்டிலோ, அவளோடு சேர்ந்து பாட வேண்டும். எனக்கு வேறு ஆசையில்லை. வெள்ளிக்கிழமை பிரின்சி பர்மிஷன் போட்டுச் சீக்கிரம் வந்தாள். என் பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் இருந்தது.

மைக்கை லேப்டாப்போடு சேர்க்கும் சின்னப் பெட்டி ஒன்று என்னிடம் இருந்தது. ஒரு பெட்டிக்கு ஒரு மைக்தான். ஆளுக்கொன்று வேண்டாமா? அதே மாடலில் இன்னொரு பெட்டியும் மைக்கும் வாங்கி வைத்திருந்தேன். லேப்டாப்பில் உருப்படியாக இருப்பது ஒரே யூஎஸ்பி ஓட்டை. அதில், ஒரு ஓட்டையை நாலாக்கும் ஹப்பைச் செருகி, ஹப்பில் இரண்டு பெட்டிகளையும் செருகினேன்.

என் குரல் வந்தது, அவள் குரல் வரவில்லை. கழற்றி மாட்டினால் அவள் வந்தாள், நான் போய்விட்டேன். வயரை மாற்றினேன். லேப்டாப்பை அணைத்துப் போட்டேன். ஹப்பை வாயால் ஊதினேன், அதே வாயால் திட்டினேன். "ஹலோ, ஹலோ" என்று சொல்லியே பிரின்சிக்குத் தொண்டை கட்டிப்போனது.

கடைசியில் பெட்டி விற்ற ரகு அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"ஹப்பு மேல தப்பில்லப்பா. ரெண்டும் ஒரே மாடலு, ஒரே பேரு. லேப்டாப்பு ரெண்டையும் ஒண்ணுன்னு நெனச்சிக்கினு கீது. ஒண்ணத்தான் சேத்துக்கும்."

"இப்ப இன்னாண்ணா பண்றது?"

"இதுல இன்னா பேஜாரு? ஒத்தொத்தரா பாடி, அப்பால ஒட்டிக்கோங்க."

வெளியே பஸ் ஹாரன் கேட்டது.

"ஒரு பல்லவியாவது..." என்றாள் பிரின்சி. டிரைவர் மறுபடி அடித்தான். ஓடினேன். ஜன்னலோரம் உட்கார்ந்ததும் அழுகை வந்தது. பக்கத்து சீட்டுக்காரனிடம் தூசி என்றேன்.

காலையில் வந்தேன். வழக்கம்போல வீடு பூட்டியிருந்தது. லேப்டாப்பில் இராத்திரி அவள் பாடி வைத்திருந்தாள். ஹெட்போனை மாட்டினேன். தன் வரியைப் பாடிவிட்டு, என் வரி வருமிடத்தில் சும்மா இருந்தாள். மூச்சு மட்டும் கேட்டது. அந்த இடைவெளிகளில் எல்லாம் நான் பாடினேன். ஒரு இடத்தில்கூடத் தாளம் தப்பவில்லை.

பாட்டு முடிந்த பிறகும் அவள் ரெக்கார்டை நிறுத்தவில்லை. சிரித்தாள்.

"இன்னாய்யா நாம இப்பிடி லூசா இருக்கோம்? ஒரே மைக்குல ரெண்டு பேரும் ஒட்டிக்கினு நின்னு பாடியிருக்கலாம்ல? உனக்குத் தோணவே இல்லியா?"

"தோணலடி" என்றேன், சத்தமாக.

ரெக்கார்டு அதோடு நின்றுவிட்டது.