ஆல்ரெட் வீட்டு வாசலுக்கு வந்த பள்ளத்தாக்கு

யோனா வெட்டு என்கிற பள்ளத்தாக்கு, நூற்று நாற்பது மைல் தள்ளியிருந்த தன் இடத்தை விட்டுக் கிளம்பி எங்கள் ஊருக்கு வந்து சேர மூன்று வருடமும் ஐந்து மாதமும் ஆயிற்று. ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு டெவான் ஆல்ரெட் வீட்டுத் தபால்பெட்டியிலிருந்து நாற்பதடி தள்ளி வந்து நின்றது. அன்று தெற்கு யூட்டா முழுக்க வானம் தெளிவு. வைக்கோல் விலை சற்று இறங்கியிருந்தது.

பள்ளத்தாக்கைக் குறை சொல்ல வழியில்லை. அதுவும் எவ்வளவு நாள்தான் காத்திருக்கும்? டெவானின் மனைவி வெர்லா இருபத்திரண்டு வருடம் தபால் நிலையத்தில் வேலை பார்த்தவள். யோனா வெட்டின் படம் போட்ட அஞ்சலட்டைகள் ஆயிரக்கணக்கில் அவள் கையைத் தாண்டி ஊர் ஊராகப் போயின. அவள் மட்டும் போனதில்லை. ஓய்வு பெற்ற அன்று கணவனிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான், அதை நேரில் பார்க்க வேண்டும். டெவான் உடனே சரி என்றான். முறையாகப் போகலாம், அதற்கு முன்னால் வண்டியைத் தயார் செய்துவிடுகிறேன் என்றும் சொன்னான். அந்தப் பின்பாதி வாக்கியத்தில் ஒன்பது வருடம் போயிற்று.

எட்டுப் பேர் கால் நீட்டி உட்காரக்கூடிய பெரிய வண்டி ஒன்றை வாங்கினான். பாறை வழிக்குப் பெரிய டயர் வேண்டும் என்று மாட்டினான். பெரிய டயர் சக்கரக் கூட்டில் உரசியது, அதனால் வண்டியை மூன்று அங்குலம் தூக்கினான். தூக்கிய வண்டிக்கு இழுவை போதவில்லை, அச்சுக்குள் பல்சக்கரங்களை மாற்றினான். மாற்றியதும் பெட்ரோலைக் குடித்தது, இரண்டாவது டாங்க் வைத்தான். டாங்கின் எடையில் பின்பக்கம் தொங்கியது, தடித்த ஸ்பிரிங் போட்டான். தடித்த ஸ்பிரிங் வெறும் வண்டியை உதறு உதறென்று உதறியது. அதை அடக்கப் பாரம் வேண்டுமே என்று இரும்பு அலமாரி, தண்ணீர்த் தொட்டி, ஃபிரிட்ஜ், அடுப்பு எல்லாம் ஏற்றினான். பாரம் ஏறியதும் டயர் மறுபடி உரசியது. சாலைப் பயணமே போகாத இரண்டாயிரம் பேர் கூடிப் பேசும் இணையக் குழு ஒன்று உண்டு. சனிக்கிழமைதோறும் டெவான் அதில் படம் போட்டுப் போதுமா என்று கேட்பான். இன்னும் ஒன்றே ஒன்று குறைகிறது என்று அவர்கள் சொல்வார்கள். கடவுளைக்கூட இவ்வளவு பயபக்தியோடு கேட்ட மனிதனை எங்கள் சபையில் நான் பார்த்ததில்லை.

வண்டி போன தூரம் சபைக்கூடமும் மளிகைக் கடையும்தான். சபை வாசலில் மூன்று இடத்தை அடைத்து நிற்கும். வண்டிக் கூரைமேல் விரிகிற கூடாரத்தைச் சோதிக்க, தன் படுக்கையறை ஜன்னலுக்கு ஏழடி தள்ளி, தன் வீட்டு முற்றத்திலேயே பதினான்கு நாள் அதில் படுத்தான். வெர்லா முதல் நாள் ஏணி ஏறிப் போய்ப் படுத்தாள். மறுநாள் கழிப்பறைக்கு இறங்கியவள் அப்படியே வீட்டுக் கட்டிலுக்குப் போய்விட்டாள்.

ஆறாவது வருடம் வெர்லாவின் கண்ணில், பார்வையின் நட்ட நடுவில், கடுகு அளவுக்கு ஒரு கறுப்பு விழுந்தது. செயின்ட் ஜார்ஜ் நகரத்து டாக்டர், ஓரப்பார்வை தங்கும், நடுப்பார்வை மூன்று நான்கு வருடத்தில் போய்விடும், பார்க்க வேண்டியதையெல்லாம் இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். டெவான் திரும்பி வரும் வழியெல்லாம் அழுதான். அழுகை உண்மைதான். வீட்டுக்கு வந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னும் பிரகாசமான விளக்குகள் வரவழைத்தான்.

பக்கத்து வீட்டு லமார் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். ஒரு கதவு மட்டும் வேறு நிறத்தில் இருக்கும் பழைய சின்னக் காரில், இரண்டு சாண்ட்விச்சும் ஒரு போர்வையுமாக வசந்தம்தோறும் யோனா வெட்டுக்குப் போய் வருவார். வெர்லாவையும் கூப்பிட்டார். அவள் டெவானைப் பார்த்தாள். டெவான் அந்தக் காரின் டயர்களைப் பார்த்தான், சாவு வீட்டில் பிணத்தைப் பார்ப்பதுபோல. கட்டியவனோடுதான் போவேன் என்று அவளும் வீம்பாக இருந்துவிட்டாள்.

பள்ளத்தாக்கு நகர்வதை முதலில் கண்டுபிடித்தது லமார்தான். ஒரு வருடம் நூற்றிருபத்தைந்து மைலிலேயே வந்துவிட்டது. அடுத்த வருடம் எண்பது. கணக்கு வாத்தியாருக்கே கணக்குத் தப்புகிறது என்று ஊர் சிரித்தது. பிறகு நெடுஞ்சாலைத் துறை வழிகாட்டிப் பலகையை நான்கு முறை பிடுங்கி நட்டது. வனக்காவலர் தன் மரக்குடிசையை இழுவை வண்டியில் ஏற்றிக்கொண்டு பின்னாலேயே வந்தார். அடியில் ஓடிய ஆறும் அண்டங்காக்கைகளும் கூடவே வந்தன. வழியில் இருந்த பண்ணைகளை அது பக்குவமாகச் சுற்றிக்கொண்டது, ஒரு வேலிகூடச் சாயவில்லை. டெவானுக்கு மட்டும் எதுவும் தெரியாது. அவன் வண்டிக்கு அடியில் படுத்திருந்தான்.

ஒன்பதாவது வருட வசந்தத்தில் கடுகு ஒரு தட்டு அளவுக்கு வளர்ந்திருந்தது. எதிரில் நிற்பவர் யார் என்று குரலை வைத்துத்தான் வெர்லா சொன்னாள். அந்தச் செவ்வாய்க்கிழமை காலை அவள் தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு லமாரின் காரில் ஏறி உட்கார்ந்தாள். டெவான் வண்டிக்கு அடியிலிருந்து ஸ்பேனரோடு வெளியே வந்தான்.

"வர்ற வெள்ளிக்கிழமை போயிடலாம் வெர்லா. ஒரு ஷாக் அப்சார்பர்தான் பாக்கி."

"வெள்ளிக்கிழமை என் கண்ணுக்கு என்ன தெரியும், என்ன தெரியாதுன்னு உனக்குத் தெரியுமா டெவான்?"

லமார் காரைப் பின்னுக்கு எடுத்தார், உடனே பிரேக் போட்டார். தெருவைக் காணோம். தெரு இருந்த இடத்தில் சிவப்பு மணல், அதைத் தாண்டி ஒரு விளிம்பு, அதற்கப்புறம் மூவாயிரம் அடிக்கு ஒன்றுமேயில்லை.

"இதான் அது. வாசலுக்கே வந்திருச்சு," என்றார் லமார்.

வேறு யாராக இருந்தாலும் நடந்து போயிருப்பார்கள். டெவான் வண்டிச் சாவியை எடுத்து வந்தான். இதற்குத்தானே தயார் செய்தேன், ஏறு என்றான். வெர்லா ஒரு நிமிடம் யோசித்துவிட்டு இறங்கி வந்து, ஏணி வைத்து அவன் வண்டியில் ஏறினாள். ஒன்பது வருடம் பொறுத்தவளுக்கு நாற்பதடி பெரிதில்லை. மணலில் போகும் முன் டயரில் காற்றைக் குறைக்க வேண்டும் என்று அவன் அரைமணி நேரம் சக்கரம் சக்கரமாகக் குந்தி உட்கார்ந்தான். பட்டியலைச் சரி பார்த்தான். எல்லா விளக்கையும் போட்டான். பிறகு கிளம்பி, பதினோரு அடி போனதும் வண்டி அச்சு வரைக்கும் மணலில் இறங்கியது. இத்தனை ஏற்றியவன் ஒருநாளாவது எடைமேடையில் ஏற்றிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். வைக்கோல் லாரிக்கே அந்த எடை வராது.

அவன் கலங்கவில்லை. சிக்கிய வண்டியை இழுத்து மீட்க முன்னால் மாட்டியிருந்த வின்ச்சின் கம்பிவடத்தை உருவிக்கொண்டு போய், கட்டுவதற்கு வேறெதுவும் இல்லாததால், வீட்டு முகப்புத் தூணில் கட்டினான். வின்ச் மிக நன்றாக வேலை செய்தது. வண்டி அசையவில்லை. முகப்பு வந்தது, கூரையோடும் ஊஞ்சல் நாற்காலியோடும் மெதுவாக நகர்ந்து வந்து பம்பரில் முட்டி நின்றது.

வெர்லா கதவைத் திறந்து கால் துழாவினாள். "மிச்சம் நான் நடந்துக்கறேன்," என்றாள்.

விளிம்பு எங்கே என்று அவளுக்குத் தெரியாது. அது டெவானுக்கு உறைத்தது. எஞ்சின் ஓட, விளக்கு எரிய, கதவு திறந்து கிடக்க வண்டியை விட்டுவிட்டு ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தான். இருபத்தைந்து அடி இருவரும் நடந்தார்கள். விளிம்புக்கு நாலடி முன்னால் அவளை மணலில் உட்கார வைத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்தான்.

அவள் நேராகப் பார்த்தாள். கறுப்புத் தட்டு மட்டும் தெரிந்தது. பிறகு மெல்ல முகத்தைத் திருப்பி, கண்கொட்டாமல், டெவானின் முகத்துக்கு நேராக வைத்துக்கொண்டாள். அவள் தன்னைத்தான் வெறிக்கிறாள் என்று அவன் நினைத்தான். தப்புதான் வெர்லா, ஒன்பது வருடத்தையும் வீணடித்துவிட்டேன், என்னை என்ன வேண்டுமானாலும் திட்டு என்று ஆரம்பித்தான்.

"கொஞ்சம் பேசாம இரு," என்றாள் அவள். "நான் உன்னைப் பாக்கல. அதைப் பாக்கறேன். ஓரக்கண்ணுலதான் தெரியுது. நீ நகராம இருந்தாப் போதும்."

அவன் நகரவில்லை. சுவர் சுவராக நிறம் மாறுவதை அவள் சொல்லிக்கொண்டே வந்தாள். சாயங்காலம் வரை அவன் கழுத்தைக்கூடத் திருப்பாமல் உட்கார்ந்திருந்தான்.

பள்ளத்தாக்கு அதற்கப்புறம் எங்கும் போகவில்லை. வனக்காவலர் குடிசைக்குச் சபைக்கூடத்தின் பின்னால் இடம் கொடுத்தோம். தபால்காரர் மட்டும் இப்போது கொஞ்சம் சுற்றி வருகிறார். ஆல்ரெட் தம்பதியர் தினமும் நாலு மணிக்கு விளிம்பில் உட்கார்கிறார்கள், அவள் அவனைப் பார்த்தபடி, அவன் அசையாமல். சில நாள் டெவானைப் பார்க்க வேண்டும் என்று வெர்லாவுக்குத் தோன்றும். அன்றைக்கு அவள் முகத்தைப் பள்ளத்தாக்குப் பக்கம் திருப்பிக்கொள்கிறாள்.