மேலே மட்டம், கீழே ஓட்டை

நில அளவை ஆபீசில் முப்பது வருஷம் சங்கிலி இழுத்து ரிட்டயரான அந்த மனுஷனைத் தெருவில் 'ரசமட்டம்' என்றுதான் சொல்வார்கள். தனக்கும் அடுத்த வீட்டில் இருந்த கூடப்பிறந்த தம்பிக்கும் நடுவே அவர் வளர்த்த பிரிவெட் செடி வேலியை, ஸ்டூலில் ஏறி நின்று, நூல் கட்டி, ரசமட்டம் வைத்துத்தான் வெட்டுவார். ஒரு இலை தூக்கிக்கொண்டு நின்றாலும் அன்றைக்குச் சோறு இறங்காது.

தம்பியோடு பேச்சு நின்று ஒன்பது வருஷம். என்ன பெரிய சண்டை? நாலு பேர் முன்னால் "உனக்கு அளக்க மட்டும்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டானாம். அவ்வளவுதான்! "அவன் பொண்ணு கல்யாணத்துக்கு இந்த அண்ணனைக் கூப்பிடாம முடியுமா? வந்து மன்னிப்புக் கேக்கட்டும், அப்புறம் பாக்கலாம்" என்று மீசையை முறுக்கிக்கொண்டு, அந்த ஒரு நாளுக்காகவே காத்திருந்தார்.

செடி கொடுத்த நர்சரிக்காரர் அன்றைக்கே படித்துப் படித்துச் சொன்னார். "சார், அடி அகலமா, தலை ஒடுக்கமா வெட்டுங்க. தலை அகலமானா கீழ வெயில் படாது, அடி மொட்டையாயிடும்."

"எனக்கே அளவு சொல்லித் தர்றியா?"

தம்பி மூஞ்சி தெரியக்கூடாது, அதற்கு வேலியின் தலைதான் அகலமாக இருக்க வேண்டும். குடை மாதிரி விரித்து வெட்டினார். அடி மொட்டையாகி, ஒரு ஆள் தவழ்ந்து போகிற ஓட்டை விழுந்தது. ஸ்டூல் மேல் நிற்கிற மகாராஜாவுக்கு அது எங்கே தெரியப்போகிறது!

ஒருநாள் காலை கத்தரி நழுவி வேலிக்கடியில் விழுந்தது. முனகிக்கொண்டே மண்டிபோட்டுக் குனிந்தார். அந்தப் பக்கம், தம்பி வீட்டுப் படியில், அவருடைய சொந்தப் பெண்டாட்டி டீ குடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் தம்பி மகள். அவளை ஒட்டி முன்பின் தெரியாத ஒருத்தன்.

"யாருடி அது?"

மனைவி கொஞ்சமும் பதறவில்லை. "நம்ம மாப்பிள்ளைங்க. கல்யாணம் முடிஞ்சு மூணு வாரமாச்சு."

"என்னைக் கூப்பிடாமயா?" குரல் உடைந்துவிட்டது.

தம்பி மகள் ஓட்டைக்கு நேரே வந்து குந்தினாள். "கூப்பிட்டாரே பெரியப்பா. அப்பா இங்கதான் நின்னு 'அண்ணே, அண்ணே'ன்னாரு. மன்னிப்பும் கேட்டாரு. 'யாருப்பா அது, தள்ளி நில்லு, நூல் ஆடுது'ன்னு நீங்கதான் விரட்டுனீங்க."

ஞாபகம் வந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் எவனோ என்று நினைத்து, திரும்பிக்கூடப் பார்க்காமல்தான் விரட்டினார். 

"கல்யாணத்துல ஒருத்தராவது என்னை எங்கேன்னு கேட்டாங்களாம்மா?"

"கேட்டாங்க பெரியப்பா. வேலி வெட்டிட்டிருக்காருன்னு சொன்னோம். அதுக்கப்புறம் யாரும் கேக்கல."