அப்பாவின் செருப்புத் தடம்

நான் மருத்துவராக இருக்கும் கால்நடை ஆஸ்பத்திரிக்கு அப்பாதான் மதியச் சாப்பாடு கொண்டுவருவார். மகளை வெள்ளைக் கோட்டில் பார்க்க அது ஒரு சாக்கு. இன்று அவர் போன பிறகுதான் கவனித்தேன். பார்வோ என்ற தொற்றுநோய் கண்ட நாய்க்குட்டி வராந்தாவில் ரத்தமாகக் கழிந்திருந்த இடத்தில் அவருடைய செருப்புத் தடம். பதறிப்போய் போன் செய்தேன்.

"அப்பா, செருப்போட வீட்டுக்குள்ள போகாதீங்க. அந்தக் கிருமி மாசக்கணக்கா சாகாது."

"வந்து சேந்துட்டேனேம்மா. நம்ம குட்டிக்குத்தான் ஊசி போட்டாச்சே?"

"ஒண்ணுதான் போட்டிருக்கு. முதல்ல அவனத் தூக்குங்க."

"அவன் என் செருப்ப நக்கிக்கிட்டு இருக்கான்." அப்பாவின் குரல் இறங்கியது. "டாக்டர் வீட்டு நாய்க்கே ஏம்மா ஊசி பாக்கி?"

இரண்டாவது ஊசி போட வேண்டிய நாள் தாண்டிப் பன்னிரண்டு நாளாகிறது. மருந்து என் முதுகுக்குப் பின்னால் குளிர்பெட்டியில்தான் இருக்கிறது. இனி ஒரு வாரத்துக்கு அவன் ஒரு வேளை சாப்பிடாவிட்டாலும் இங்கே தூக்கிவர வேண்டும்.

ஏன் ஊசி பாக்கி என்று அப்பா கேட்டதையேதான் காலையில் அந்த நோயாளிக் குட்டியைக் கொண்டுவந்தவரிடம் நான் கத்திக் கேட்டேன். அவர் எதிர் பெஞ்சில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.