சோளம் கடிக்கும் சத்தம்

"கடிக்கிறேன். கேளு."

"ம்."

கடைவாய்ப் பல்லுக்கு நடுவே வைத்த மக்காச்சோள மணி டக்கென்று உடைந்தது.

"பதிமூணு," என்றாள் மகள். "நல்லா காஞ்சிருக்கு. இறக்கச் சொல்லுங்க."

"வண்டிக்காரர் மெஷின் பதிமூணரை காட்டுது."

"பரவாயில்ல. உங்க பல்லுக்கு அரை தள்ளுபடி."

கோழிப்பண்ணைக்காரர் சிரித்துக்கொண்டே மூட்டைகளை இறக்கச் சொன்னார். சோளத்தில் ஈரம் நூற்றுக்குப் பதினாலைத் தாண்டினால் பூஞ்சை பிடிக்கும். அதைத் தின்ற கோழி தலையைத் தொங்கப் போட்டுவிடும். ஈரமான மணி பல்லில் நசுங்கும், காய்ந்தது உடையும். உடைகிற சத்தத்தைப் போனில் கேட்டே மகள் எண்ணைச் சொல்லிவிடுவாள். இரண்டு மணி நேரப் பேருந்துத் தூரத்தில் இருந்த எத்தனால் ஆலையின் பரிசோதனைக்கூடத்தில் அவளுக்கு அதுதான் வேலை. லாரி லாரியாக வரும் சோளத்தில் ஈரம் பார்ப்பாள், பூஞ்சை பார்ப்பாள், வாங்கலாமா வேண்டாமா என்று எழுதிக் கொடுப்பாள். அங்கே அவளிடம் கருவி இருந்தது. இங்கே அப்பாவிடம் பல் இருந்தது.

மனைவி போய் ஆறு வருடம் ஆகிவிட்டது. பண்ணைக்காரர் வீட்டில் பேச ஆள் கிடையாது. ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு மகள் வருவாள். மற்ற நாளில் சாயங்காலம் நாலு மணிக்குப் போன். முட்டை பொறுக்க இரண்டு கையும் வேண்டும் என்பதால் போனை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, ஸ்பீக்கரை முடுக்கி, கொட்டகைத் தூணில் அடித்த ஆணியில் மாட்டிவிடுவார். பையிலிருந்து அவள் பேசிக்கொண்டே இருப்பாள். கோழிகளுக்கும் அந்தக் குரல் பழக்கம். வேறு யாராவது வந்து வாயைத் திறந்தால் கூண்டில் முட்டி மோதிக்கொள்ளும். அவள் பேசினால் மட்டும் பேசாமல் தின்னும்.

ஆனால் அவள் வேலை பார்க்கும் ஆலைதான் அவர் கோழிகளின் தீவனத்தை எட்டாத உயரத்துக்குக் கொண்டுபோயிருந்தது. பெட்ரோலில் கலக்கும் எத்தனாலுக்கு அரசாங்கம் மானியம் கொடுக்கத் தொடங்கியதிலிருந்து சோளம் எல்லாம் அந்தப் பக்கமே போயிற்று. போன வருடம் இரண்டாவது கொட்டகையைக் காலி செய்தார். இப்போது, மானியத்தைத் தொடரலாமா வேண்டாமா என்று கருத்துக் கேட்க அரசாங்கம் ஒரு கூட்டம் போட்டிருந்தது.

பண்ணையாளர் சங்கச் செயலாளர் தேடிக்கொண்டு வந்தார். மேடை கிடைத்தால் இறங்கமாட்டார் என்பதால் அவருக்கு மைக் என்று பெயர்.

"நீங்கதான் பேசணும்ண்ணே."

"நானா? நீங்க இருக்கும்போது?"

"நான் எழுந்தா, மறுபடியும் இவனான்னு பாதிப்பேர் டீ குடிக்கப் போயிடறாங்க. காலிக் கொட்டகைக்காரர் பேசினா எடுபடும்."

"என் பொண்ணு அந்த ஆலையில இருக்கா."

"அதனாலதான் சொல்றேன். உங்களைப் பொறாமையில பேசறான்னு யாரும் சொல்ல முடியாது."

பண்ணைக்காரர் மூன்று நாள் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதினார். மகளிடம் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தார்.

கையெல்லாம் தூசும் எச்சமுமாக இருக்கும் என்பதால் போனை எப்போதும் அவள்தான் துண்டிப்பாள். அன்றும் "சரிப்பா, லாரி வந்திருக்கு, வெக்கிறேன்" என்றாள். அவரும் வைத்துவிட்டாள் என்று நினைத்துக் கையைக் கழுவினார், தாளைப் பிரித்தார், கோழிகளுக்கு முன்னால் நிமிர்ந்து நின்றார்.

"மரியாதைக்குரிய அதிகாரி அவர்களே..."

அந்த மேடைக் குரலைக் கோழிகள் கேட்டதே இல்லை. மூவாயிரமும் ஒரேயடியாகக் கத்தின. அவர் விடாமல் கத்திப் படித்தார். எத்தனால் ஆலை எங்கள் கோழிகளின் வாயிலிருந்து சோளத்தைப் பிடுங்குகிறது, திரும்ப ஒரு பிடி கூடத் தருவதில்லை, இந்த மானியம் எங்கள் வயிற்றில் அடிக்கிறது என்று கடைசி வரி வரைக்கும் படித்தார்.

பைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"அப்பா, ரெண்டாவது விஷயம் தப்பு."

அவர் தாளை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். யார் பார்க்கிறார்கள் என்று அப்புறம்தான் தோன்றியது.

"நீ வெக்கலையா?"

"ரெண்டு கையிலயும் சோளம். அப்புறம் வெக்கலாம்னு விட்டுட்டேன். எப்ப சொல்றதா இருந்தீங்க? பேசி முடிச்சு வீட்டுக்கு வந்தா?"

"சொல்லணும்னுதாம்மா..."

"சரி விடுங்க. திரும்ப ஒண்ணும் தர்றதில்லைன்னு எழுதியிருக்கீங்களே, போன மாசம் எங்க ஆலைச் சக்கையை யார் மூட்டை மூட்டையா வாங்கிக் கோழிக்குப் போட்டது?"

"நான்தான்."

"எங்க மேனேஜர் அதைத்தான் முதல்ல கேப்பார். மானம் போயிடும்."

"அப்ப பேச வேண்டாங்கறியா?"

போனில் அவளுக்குப் பின்னால் ஏதோ இயந்திரம் இரைந்தது.

"எழுதிக்கோங்க. சோளத்துல இருக்கற மாவுச்சத்து எத்தனாலா போயிடுது. திரும்பி வர்றது சக்கை. கோழிக்கு அதைக் கொஞ்சமாத்தான் போட முடியும். சோளத்துல பூஞ்சை விஷம் இருந்தா மாவு போனதும் அந்த விஷம் சக்கையில மூணு மடங்கா நிக்கும். எழுதிட்டீங்களா?"

"மூணு மடங்கு."

"இதை யார் சொன்னான்னு கேட்டா என் பேரு வரக்கூடாது."

"வராது. உனக்கு என்னம்மா தோணுது? மானியம் இருக்கணுமா, வேண்டாமா?"

"சோளம் போடறவங்களுக்கு இந்த ரெண்டு வருஷமாத்தான் மூச்சு வந்திருக்கு. உங்களுக்கு இந்த ரெண்டு வருஷமாத்தான் மூச்சு முட்டுது. எனக்கு எப்படிப்பா தெரியும்?" பிறகு சொன்னாள். "கூட்டத்துல நானும் இருப்பேன். ஆலை சார்பா வரச் சொல்லியிருக்காங்க. என்னைப் பார்க்காதீங்க. பார்த்தா உங்களுக்கு வாய் வராது."

கூட்டம் ஒரு நீளமான மண்டபத்தில் நடந்தது. ஒரு பக்கம் பண்ணைக்காரர்கள், மறுபக்கம் ஆலைக்காரர்களும் சோளம் விளைவிப்பவர்களும். ஒருவருக்கு மூன்று நிமிடம்.

ஆலை மேலாளர் வெளிநாட்டு எண்ணெயைப் பற்றியும் குறைந்துபோன புகையைப் பற்றியும் பேசினார். அவருக்குப் பின்னால் எழுந்த சோள விவசாயி தாள் எதுவும் வைத்திருக்கவில்லை.

"கோழிக்குப் பசிச்சா இத்தனை பேர் வந்துட்டீங்க," என்றார் எதிர் வரிசையைப் பார்த்து. "சோளத்தைக் கேக்க நாதியில்லாம ரோட்டுல கொட்டினேனே, அன்னைக்கு ஒருத்தரும் வரலையே."

பண்ணைக்காரருக்கும் அது சுருக்கென்றது.

அவர் முறை வந்தது. தாளைப் பார்த்தே படித்தார். சக்கையைத் தானும் வாங்கியதாக அவரே சொல்லிவிட்டதால் மேலாளர் தூக்கிய பேனாவைக் கீழே வைத்தார். விஷம் மூன்று மடங்கு என்றதும் அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்து குறித்துக்கொண்டார். காலிக் கொட்டகையைப் பற்றிப் படிக்கும்போது யாரும் டீ குடிக்கப் போகவில்லை.

"கடைசியா ஒரு கேள்வி," என்றார் அதிகாரி. "மானியத்தைக் குறைச்சாப் போதுமா? இல்ல, நிறுத்தணுமா?"

இதற்கு விடை தாளில் இல்லை. எதிர் வரிசையின் ஓரத்தில் ஒரு நீல மேல்சட்டை அசைந்தது தெரிந்தது. அவர் பார்க்கவில்லை. அவள்தான் சொல்லியிருந்தாளே. அதிகாரியின் மேசைமேல் இருந்த தண்ணீர்க் குவளையையே பார்த்தார்.

"நிறுத்தணும்," என்றார்.

பண்ணைக்காரர்கள் கை தட்டினார்கள்.

கூட்டம் முடிந்ததும் மகள் ஆலை வண்டியில் போகாமல் பேருந்து நிறுத்தத்தில் அவரோடு வந்து நின்றாள். அவள் பேருந்து ஒரு பக்கம், அவர் பேருந்து மறுபக்கம்.

"நல்லா படிச்சீங்க."

"நீ சொல்லிக் கொடுத்ததுதானே."

"குறைச்சாப் போதும்னு சொல்லியிருக்கலாம்."

அவர் திரும்பிப் பார்த்தார்.

"நீதானேம்மா பார்க்காதேன்னே."

"ஆமா. நான்தான் சொன்னேன்." அவள் சாலையைப் பார்த்தாள். "அதிகாரி கேட்டதும் தலையாட்டினேன். குறைச்சாப் போதும்னு. நீங்க பார்க்கலை."

அவள் பேருந்து முதலில் வந்தது.

இரண்டு மாதத்தில் உத்தரவு வந்தது. சோளத்திலிருந்து எடுக்கும் எத்தனாலுக்கு மானியம் இல்லை. அவர் பேசியதால்தான் வந்தது என்று மைக் ஊர் முழுக்கச் சொன்னார். அவரால் மட்டும் வந்திருக்காது என்று பண்ணைக்காரருக்குத் தெரியும். தெரிந்து என்ன. ஆலை சோளம் வாங்குவதை நிறுத்தியது. பரிசோதனைக்கூடத்தைப் பூட்டினார்கள். மகளுக்கு அதே கம்பெனி கரும்பிலிருந்து எத்தனால் எடுக்கும் இன்னொரு ஆலையில் இடம் கிடைத்தது. ரயிலில் ஒரு பகலும் ஒரு இரவும் போகவேண்டிய தூரம்.

"வருஷத்துக்கு ரெண்டு தடவை வருவேன்," என்றாள் புறப்படும்போது. "பல் டாக்டரைப் பாருங்க. அந்தக் கடைவாய்ப் பல் ஆடுது."

"பார்க்கறேன்."

"என் மேல கோவமா?"

"உன் மேல எனக்கு எதுக்கும்மா கோவம்? உனக்குத்தான் இருக்கணும்."

"இருந்தா சக்கைக் கணக்கு சொல்லிக் கொடுத்திருப்பேனா?" என்று சிரித்தாள்.

சோளம் மலிந்தது. காலிக் கொட்டகையில் புதுக் கோழிகள் வந்தன. அங்கேயும் தூணில் ஓர் ஆணி அடித்தார். ஆனால் புது ஆலையில் அவளுக்கு நாலு மணிக்கு ஓய்வில்லை. வாரத்துக்கு ஒருமுறை, கிடைத்த நேரத்தில் கூப்பிட்டாள். முதல் தடவை பையிலிருந்து "அப்பா" என்று குரல் வந்ததும் புதுக் கோழிகள் அரண்டு கூண்டில் மோதிக்கொண்டன. அவற்றுக்கு அவள் யாரோ. அவர் போனைக் கழற்றிக்கொண்டு வெளியே வந்தார்.

"என்னப்பா சத்தம்?"

"ஒண்ணுமில்ல. புதுசு. பழகிடும்."

"சோளம் வந்துச்சா?"

"இப்பதான் வண்டி வந்து நிக்குது. கடிக்கவா?"

"கடிங்க. இங்க ஒரே இரைச்சல். கிட்ட வெச்சுக் கடிங்க."

அவர் ஆடாத பக்கம் பார்த்து ஒரு மணியை வைத்தார், போனை உதட்டோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு கடித்தார்.

"கேட்டுச்சா?"

"கேக்கலப்பா."

வண்டிக்காரர் மூட்டைமேல் கை வைத்தபடி அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். இறக்கவா வேண்டாமா என்று கண்ணால் கேட்டார். பண்ணைக்காரர் கையைக் காட்டி அவரைப் பொறுக்கச் சொல்லிவிட்டு, மூட்டைக்குள் விரலை விட்டு இன்னொரு மணியை எடுத்தார்.

"இரு," என்றார் போனில். "வெச்சிடாதே. இன்னொண்ணு கடிக்கிறேன்."