பிறை இல்லாத இலை

விதைச் சான்று அதிகாரி மரச்சட்டத்தை ஏழாவது முறையாக வயலுக்குள் வைத்துக் குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை. எனக்குப் பின்னால் நின்ற ஆறு பெண்களும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். அந்த ஆறு பேரில் ரேடியோ அக்காவும் ஒருத்தி. தூக்கத்தில்கூட அவள் வாய் ஓயாது என்று அவள் புருஷனே சொல்லியிருக்கிறார்.

வயல் அத்தையுடையது. சொந்தம் இல்லை, குத்தகை. இருபது வருடமாக அடுத்தவர்களின் விதை வயல்களில் வேற்றுச் செடி பிடுங்கும் கூட்டத்தை நடத்தியவள், இந்த வருடம்தான் தன் பேரில் வெள்ளைக் குளோவர் என்ற மூவிலைத் தீவனப் பயிரை விதைக்காகப் போட்டிருந்தாள். பூத்ததும் அதிகாரி வருவார், பத்து இடங்களில் சட்டத்தை வைப்பார். பத்திலும் சேர்த்து வேற்றுச் செடி ஒன்று இருந்தால் மன்னிப்பு. இரண்டு இருந்தால் அந்த வயலில் விளைவது விதை இல்லை, மாட்டுத் தீவனம். மூன்றாவது சட்டத்திலேயே ஒன்று அகப்பட்டுவிட்டது.

மூன்று இலை இருப்பதெல்லாம் குளோவர் ஆகிவிடாது. புளியாரைக்கும் மூன்று இலைதான், ஆனால் ஒவ்வொன்றும் நெஞ்சு வடிவில் பிளந்திருக்கும். “அது சிரிச்சுக்கிட்டே வர்ற நாத்தனார் மாதிரி, வாயில வெச்சாத்தான் புளிப்பு தெரியும்” என்பாள் ரேடியோ அக்கா. மஞ்சளாகப் பூக்கும் மெடிக் என்ற களையை நாங்கள் மூக்குக்காரி என்போம். அதன் இலை நுனியில் குட்டியாக ஒரு முள் நீட்டிக்கொண்டிருக்கும். இவை இரண்டையும் நடந்துகொண்டே பிடுங்கிவிடலாம்.

கஷ்டம் கூடப்பிறந்தவளிடம்தான். ஆல்சைக் என்று இன்னொரு குளோவர். அதே இலை, அதே உருண்டைப் பூ, கொஞ்சம் ரோஜா நிறம். வெள்ளைக் குளோவர் இலையின் நடுவே வெளிறிய பிறை ஒன்று இருக்கும், ஆல்சைக்குக் கிடையாது. எங்கள் கூட்டத்துக்கு அந்தப் பிறைதான் வேதம். பிறை இல்லையா, பிடுங்கு. ஐந்து வாரம் காலை முதல் வெயில் ஏறும்வரை வரிசையாக நடந்து அப்படித்தான் பிடுங்கினோம்.

இரண்டாவது வாரமே எனக்குத் தெரிந்துவிட்டது, அது தப்பு என்று. சாப்பாட்டு நேரத்தில் பிறை இல்லாத ஒரு செடியின் காம்பை விரலால் தொட்டுக்கொண்டே கீழே போனேன். அது தரையோடு படுத்து ஓடிய தண்டில் போய் முடிந்தது. கணுவுக்குக் கணு வேர். இலையும் பூவும் தனித்தனியாக அந்தத் தண்டிலிருந்தே கிளம்பியிருந்தன. ஆல்சைக் ஊராது. நிமிர்ந்து வளரும், பூ அதே தண்டில் இலையின் கக்கத்தில் முளைக்கும். வெள்ளையிலேயே பிறை இல்லாமல் பிறப்பவையும் உண்டு என்று அன்று கண்டுகொண்டபோது ஓடிப்போய் யாரையாவது பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. வழக்கம்போல யாரிடமும் சொல்லவில்லை. வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொன்னதற்குப் பயந்து பள்ளிக்கூடத்தையே விட்டவள் நான். கூட்டத்தில் என் பெயர் பூச்சி. வாயில்லாப் பூச்சியில் வாயில்லாவை விட்டுவிட்டார்கள். நோட்டில் இரண்டு தண்டையும் வரைந்து மெத்தைக்கடியில் வைத்ததோடு சரி.

அதிகாரி நிமிர்ந்தார். இதுவரை மக்காச்சோளம் பார்த்துக்கொண்டிருந்தவராம், இந்தப் பக்கத்துக்குப் புதுசு. மரியாதையானவர். வருத்தத்தோடுதான் சொன்னார்.

“பிறை இல்லம்மா. பூவும் செவந்திருக்கு. ரெண்டாயிடுச்சு.”

அத்தை கையுறையைக் கழற்றினாள். நான் எட்டிப் பார்த்தேன். பூ வயதாகித்தான் சிவந்திருந்தது. கீழ்வரிசை இதழ்கள் காய்ந்து தொங்கின. அதிகாரியின் பேனா தாளில் இறங்கியது. நான் ஒரு அடி முன்னால் வைத்தேன்.

“சார், அது நம்மளதுதான்.”

எல்லோரும் ரேடியோ அக்காவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் என்னைப் பார்த்தாள். “அடியே, பூச்சிக்கு வாய் இருக்குடி” என்றாள்.

அதற்குப் பிறகு என்னென்ன சொன்னேன் என்று முழுதாக நினைவில்லை. இலையைப் பார்க்காதீங்க, காலைப் பாருங்க என்றேன். தண்டைப் பிடித்து மெதுவாக இழுக்கச் சொன்னேன். அவர் முழங்கால் போட்டு இழுத்தார். தையல் பிரிவதுபோல் டப் டப்பென்று கணுக்கள் ஒவ்வொன்றாக மண்ணைவிட்டுக் கழன்றன, ஒவ்வொன்றிலும் வெள்ளை வேர். மூன்றாவது சட்டத்தில் பிடுங்கிப் பையில் போட்டிருந்ததையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தார். அதில் அடியில் மட்டும்தான் வேர். மேலே நிமிர்ந்த தண்டு, இலைக் கக்கத்தில் பூ. இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தவர் தாளில் எழுதியதை அடித்தார்.

அத்தைக்கு அப்போதுதான் உறைத்தது. “அப்ப அஞ்சு வாரமா நாம புடுங்கினதுல பாதி...?”

நான் தலையாட்டினேன்.

“அடிப்பாவி” என்றாள். ஆனால் சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். அவள் சிரிக்கவும் ஆறு பேரும் சிரித்தார்கள். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

அதிகாரி சட்டத்தை என்னிடம் நீட்டினார். “மிச்சம் மூணையும் நீயே பாரும்மா. எண்ணிச் சொல்லு, நான் எழுதிக்கறேன்.”

எட்டாவதில் ஒன்றுமில்லை. ஒன்பதாவதில் ஒரு மூக்குக்காரி இருப்பதுபோல் தெரிந்தது, நுனியைத் தடவிப் பார்த்தேன், முள் இல்லை. ஏதோ பூச்சி கடித்த குளோவர். பத்தாவதை வாய்க்கால் ஓரமாக வைத்தேன். அத்தை பக்கத்தில் வந்து குந்தினாள். அவளுக்கும் கை பரபரத்தது. புதிதாகக் கற்றதை ஒவ்வொரு காம்பாகத் தடவிக் கீழே போய்ப் பார்த்து, “இது நம்மது, இதுவும் நம்மது” என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

சட்டத்தின் மூலையில் ஓர் இலை. நடுவில் பிறைபோல வெளிறிய கோடு. வெயில் பட்ட தழும்பு. ஐந்து வாரமாக எங்கள் எல்லோர் கண்ணிலிருந்தும் அந்தச் செடியைத் தப்பவைத்தது அதுதான். காம்பைத் தொட்டுக் கீழே போனேன். விரல் தரைக்கு வரவில்லை. நிமிர்ந்த தண்டில் வந்து நின்றது. இலையின் கக்கத்தில் பூ. கண்டுபிடித்த சந்தோஷம்தான் முதலில் வந்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும். அதற்குப் பிறகுதான் எண்ணினேன்: மூன்றாவதில் ஒன்று, இதோடு இரண்டு.

அத்தையின் விரலும் அதே காம்பில் இறங்கி வந்து என் விரலைத் தொட்டது. அவளுக்கும் தெரிந்துவிட்டது. அதிகாரி எங்களுக்கு முதுகைக் காட்டி, தாளைத் தொடைமேல் வைத்து எழுதிக்கொண்டிருந்தார். ஒரு இழுப்பில் வந்துவிடும் செடி. அத்தையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தண்டின் அடியைப் பிடித்தன. கொஞ்ச நேரம் அப்படியே இருந்தன.

பிறகு விட்டன. கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

“பத்தாவதுல எத்தனைம்மா?” என்றார் அதிகாரி, திரும்பாமலேயே.

“சொல்லு” என்றாள் அத்தை.

நான் வாயைத் திறந்தேன். தேனீ ஒன்று வந்து அந்த ரோஜா நிறப் பூவில் உட்கார்ந்தது. அதன் கனத்தில் தண்டு தாழ்ந்து, மண்ணைத் தொடாமல், மறுபடி எழுந்து நின்றது.