பட்டன் வக்கீல்

கோர்ட்டில் எனக்குப் பட்டன் வக்கீல் என்று பெயர். விபத்தில் அடிபட்டவர்களுக்கு இழப்பீடு வாங்கித் தருவதுதான் இருபது வருடமாக என் பிழைப்பு. டாக்டர் எழுதித் தரும் ஊனச் சதவீதம் எந்த நீதிபதிக்கும் உறைக்காது. கை போன ஆளிடம் ஒரு கோட்டைக் கொடுத்து, "பட்டன் போட்டுக் காட்டுங்க" என்பேன். அந்தத் தடுமாற்றம் உறைக்கும். யாருக்கும் நடிக்கச் சொல்லிக் கொடுத்ததில்லை; அந்தத் திமிர் எனக்கு உண்டு.

அன்று காலை என் கட்சிக்காரரான தையல்காரம்மா கோர்ட் வராந்தாவில் முகமெல்லாம் சிரிப்பாக நின்றார். ஆலையில் துணி அழுத்தும் இயந்திரம் அவருடைய இரண்டு கைகளையும் நசுக்கிய பிறகு, அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

"சார், இங்க பாருங்க." வீட்டுக்காரரின் கோட்டை மாட்டியிருந்தார். உதட்டைக் கடித்துக்கொண்டு பட்டனைத் துளைக்குள் தள்ளிவிட்டார். "கோர்ட்ல கேப்பேன்னு அன்னிக்கே சொன்னீங்கல்ல? ஆறு மாசமா பழகினேன். உங்க மானத்தக் காப்பாத்திருவேன்."

கூண்டில் இப்படிப் போட்டுக் காட்டினால் கை சரியாகிவிட்டது என்றுதான் எழுதுவார்கள். முன்கூட்டியே சொல்லித் தொலைத்த வாயை என்ன செய்வது? வழக்கு தோற்றால் இந்த அம்மா மிச்ச நாளை எதை வைத்து ஓட்டுவார்? போதாக்குறைக்கு, எதிர்த்தரப்பு வக்கீல் தூணோரம் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

கூட வந்திருந்த மகள், பேச்சோடு பேச்சாக அம்மாவின் பட்டனைக் கழற்றிவிட்டாள். "இன்னொரு தடவ போடச் சொல்லட்டுமா சார்?"

"வேணாம்மா" என்றேன்.

கூண்டில் ஏறியவரிடம் நான் கோட்டுப் பேச்சையே எடுக்கவில்லை. எதிர்த்தரப்பு வக்கீல் விடுவாரா?

"பட்டன் வக்கீல் இன்னிக்குப் பட்டன மறந்துட்டாரே! நான் கேக்குறேன். போட்டுக் காட்டுங்கம்மா."

போட்டார். நீதிபதி ஏதோ எழுதிக்கொண்டார். பரீட்சையில் தேறிய பிள்ளை மாதிரி அம்மா என்னைப் பார்த்தார்.

நான் எழுந்தேன். என்ன கேட்க வேண்டும் என்று வராந்தாவிலேயே தெரிந்துவிட்டது. கேட்கத்தான் வாய் வரவில்லை.

"இப்ப கழட்டிக் காட்டுங்க."

சிரிப்பு நின்றுவிட்டது. விரல்கள் பட்டன் மேல் வழுக்கின. மறுபடி முயன்றார். அதற்கும் மறுபடி. மூன்று நிமிடம் ஆனது. பட்டன் கழலவில்லை.

"வீட்ல யாரு கழட்டுவா?"

"பொண்ணு."

"ஆறு மாசமா, ஒவ்வொரு தடவையுமா?"

"ஆமா." அவர் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"போதும்" என்றார் நீதிபதி. எதிராளி காகிதத்தைப் புரட்டுவதுபோலத் தலையைக் குனிந்துகொண்டார். வழக்கு கைக்கு வந்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது. சந்தோஷமே வரவில்லை.

யாரும் கூப்பிடாமலே மகள் எழுந்து வந்து, கூண்டுக்குள் கையை நீட்டிப் பட்டனைக் கழற்றினாள். இறங்கி வந்த அம்மா என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"இதக் கேப்பேன்னு நீங்க சொல்லவே இல்லையே சார்?"